சால்மன் செய்துவைத்த சமாதானம்

அலாஸ்கா ஆறுகளில் ரெயின்போ டிரவுட் பிடிக்கப் போகிறவர்களின் தூண்டில் பெட்டியில் விசித்திரமான இரை ஒன்றைப் பார்க்கலாம். முயல் தோலை ரோமத்தோடு மெல்லிய கீற்றாக நறுக்கி, வெளிறிய ஆரஞ்சு நிறம் ஏற்றி, முள்ளோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. தண்ணீரில் விட்டதும் ரோமம் விரிந்து அலையும். பிய்ந்துபோன மீன் சதைத் துணுக்கு ஒன்று ஓட்டத்தில் மிதந்து போவதுபோலவே இருக்கும். பூச்சிகளைப் போலச் செய்த செயற்கை இரைகளை ‘ஈ’ என்பது இந்த வகைத் தூண்டில்காரர்களின் வழக்கம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சதை ஈ’.

ஆற்றில் சதைத் துணுக்குகள் ஏன் மிதந்து வருகின்றன? முட்டையிட்டு முடித்த சால்மன் மீன்கள் செத்து அழுகி உதிர்வது ஒரு காரணம். மேலே எங்கோ ஒரு கரடி சால்மனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பது இன்னொரு காரணம். கரடி சிந்துவதைத் தின்ன டிரவுட் கீழே காத்திருக்கிறது. அந்த டிரவுட்டுக்காக மனிதன் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறான். ஆகவே, மீன் பிடிக்கப் போன இடத்தில் எதிர்பாராமல் கரடி வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் அதில் பாதிதான் உண்மை. இருவரும் ஒரே பந்திக்கு வந்தவர்கள்; முதல் வரிசை கரடியுடையது.

இந்தச் சந்திப்பு ஒவ்வொரு கோடையிலும் நாள் தவறாமல் நடக்கும் இடம், தென்மேற்கு அலாஸ்காவின் காட்மை தேசியப் பூங்காவில் ஓடும் புரூக்ஸ் ஆறு. ஆறு என்று பெயர்தான். புரூக்ஸ் ஏரியையும் நாக்னெக் ஏரியையும் இணைக்கும் அதன் நீளம் இரண்டரைக் கிலோமீட்டர்கூட வராது. நடுவில் ஒரு அருவி, அதன் உயரம் இரண்டு மீட்டருக்கும் குறைவு. 1912-இல் இங்கே நோவருப்டா எரிமலை வெடித்தது; 20-ஆம் நூற்றாண்டின் மிகப்பெரிய எரிமலைச் சீற்றம் அது. சாம்பல் மூடிய அந்த நிலத்தைப் பாதுகாக்கத்தான் 1918-இல் காட்மையைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். கரடி அப்போது கணக்கிலேயே இல்லை. 1950-இல் ஆற்றின் முகத்துவாரத்தில் தூண்டில்காரர்களுக்காக ஒரு முகாம் எழுந்தது. 1980-இல் காட்மை தேசியப் பூங்காவானது. இன்று அந்தப் பூங்காவில் ஏறக்குறைய 2,200 பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. புரூக்ஸ் முகாமுக்குச் சாலை கிடையாது. மிதவை விமானத்திலோ படகிலோதான் போய்ச் சேர வேண்டும். ஆனால் மனிதர்கள் அங்கே புதியவர்களும் அல்லர். குறைந்தது 4,500 ஆண்டுகளாக அந்தக் கரையில் மக்கள் வாழ்ந்து மீன் பிடித்ததற்கான தடயங்கள் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன.

எல்லோரையும் அங்கே இழுப்பது சாக்கை சால்மன். ஏரியிலும் ஆற்றிலும் பொரிந்து வளர்ந்து, கடலுக்குப் போய் இரண்டு மூன்று ஆண்டுகள் தின்று கொழுத்து, பிறந்த நீரின் வாசனையை அடையாளம் வைத்துத் திரும்பி வருகிற மீன் இது. காட்மையின் மேற்குப் பக்கத்து ஆறுகள் போய்ச் சேரும் பிரிஸ்டல் விரிகுடாதான் உலகிலேயே அதிகமான சாக்கை சால்மன் கரை திரும்பும் இடம். 2022-இல் மட்டும் ஏழு கோடியே தொண்ணூறு லட்சம் மீன்கள் அங்கே திரும்பின. நன்னீருக்குள் நுழைந்ததும் அவை சாப்பிடுவதை நிறுத்திவிடுகின்றன. வெள்ளிபோல மின்னிய உடல் சிவக்கிறது, தலை பச்சையாகிறது, ஆண் மீனின் தாடை கொக்கிபோல வளைகிறது. சேர்த்துவைத்த கொழுப்பை எரித்தே நீந்தி, முட்டையிட்டு, சில வாரங்களுக்குள் செத்துவிடுகின்றன.

ஒரு சாக்கை சால்மனில் ஏறக்குறைய 4,500 கலோரி இருக்கிறது. சராசரி மனிதர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரே மீனில். பலசாலியான ஒரு ஆண் கரடி நல்ல நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட மீன்களைப் பிடித்துத் தின்னும். அதற்கு அவசரம் இருக்கிறது. ஐந்தாறு மாதம் நீளும் குளிர்கால உறக்கத்தில் அது ஒரு வாய்கூட உண்பதில்லை, நீர் அருந்துவதில்லை, சிறுநீர் கழிப்பதில்லை. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கரைந்துபோகும். பெண் கரடி அந்த இருட்டிலேயே அரைக் கிலோ எடையில் குட்டி போட்டுப் பாலும் கொடுக்கிறது. இத்தனைக்கும் தேவையான கொழுப்பை ஜூன் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் சேர்த்தாக வேண்டும். காட்மையில் 747 என்ற எண்ணால் அறியப்படும் ஆண் கரடியின் எடை இலையுதிர் காலத்தில் 600 கிலோவுக்கு மேல் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஜூலை மாதத்தில் அருவியைப் பார்த்தால் மீன் பிடிப்பதில் எத்தனை பாணி உண்டென்று தெரியும். சில கரடிகள் அருவியின் விளிம்பில் ஏறி நின்று, துள்ளி வரும் மீன் வாயருகே வரும் வரை அசையாமல் காத்திருக்கும். சில, அருவி விழும் குழியில் கழுத்தளவு உட்கார்ந்து, நுரைக்குள் மீன் உடம்பில் இடிபடுவதை உணர்ந்து அமுக்கும். சில தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தேடும். இளங்கரடிகள் ஓடி ஓடிப் பாய்ந்து, பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பும். பிறர் பிடித்ததைப் பறித்தே வயிறு வளர்க்கும் கரடிகளும் உண்டு. பெரிய கரடிகளின் பக்கத்தில் நின்று கெஞ்சி மிச்சம் வாங்கித் தின்பவையும் உண்டு. மீன் ஏராளமாகக் கிடைக்கும் நாட்களில் கரடிகள் தோல், முட்டை, மூளை ஆகிய கொழுப்பு மிகுந்த பகுதிகளை மட்டும் தின்று மற்றதை விட்டுவிடும். மீனைக் கவ்விக்கொண்டு மரங்களுக்கிடையில் போய்த் தின்று, பாதியை அங்கேயே போட்டுவிடுவதும் வழக்கம். அந்த மிச்சம் மண்ணில் மக்குகிறது. தென்கிழக்கு அலாஸ்காவில் சால்மன் ஆறுகளின் கரையில் வளரும் சிட்கா ஸ்புரூஸ் மரங்களின் இலைகளை ஆராய்ந்தபோது, அவற்றிலிருந்த நைட்ரஜனில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானது சால்மன் வழியாகக் கடலிலிருந்து வந்தது என்று 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடலில் இருந்த சத்து மீனின் உடலில் ஏறி, கரடியின் வாயில் பயணம் செய்து, மரத்தின் இலைக்குப் போயிருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து சால்மன் ஆற்றுக் கரையின் படம் எதைப் பார்த்தாலும் மரங்களையும் மீன்களோடு சேர்த்தே என்னால் பார்க்க முடிகிறது.

பழுப்புக் கரடி தனித்து வாழும் விலங்கு. குட்டியுள்ள தாயைத் தவிர மற்றவை ஒன்றை ஒன்று விலகியே திரியும். பெரிய ஆண் கரடி குட்டிகளைக் கொல்வதும் உண்டு. அப்படிப்பட்ட விலங்கு, இருபது கரடிகள் கூடியிருக்கும் ஒரு சிறிய அருவியில் தோளோடு தோள் உரச நிற்பது எப்படி?

விடை கணக்கில் இருக்கிறது. சண்டை போட்டால் காயம். காயம்பட்டால் மீன் பிடிக்க முடியாது. மீன் பிடிக்காவிட்டால் அடுத்த வசந்தம் வரை உயிர் தாங்காது. பக்கத்தில் நிற்பவன் நூறு மீன் தின்றாலும் எனக்கு நூறு மீதி இருக்கிறது என்னும் நிலையில் சண்டைக்குக் கிடைக்கும் லாபம் குறைந்துவிடுகிறது. எனவே கரடி தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எல்லையைச் சுருக்கிக்கொள்கிறது. நல்ல இடம் யாருக்கு என்பதை உடற்பருமனும், ஓர் உறுமலும், தலை திருப்பிய கோணமும் முடிவு செய்துவிடும். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரெரோ போன்ற ஆய்வாளர்கள் அலாஸ்காக் கடற்கரைக் கரடிகளைப் பற்றிச் சொல்லும் முக்கியமான கருத்து இதைத் தொடர்ந்து வருகிறது: தன் இனத்தாரையே இவ்வளவு பக்கத்தில் பொறுத்துக்கொள்ளப் பழகிய கரடி, மனிதனையும் பக்கத்தில் பொறுத்துக்கொள்கிறது. உணவு சிதறிக் கிடக்கும் உள்நாட்டு மலைகளில், கரடிகள் ஒன்றையொன்று அரிதாகவே சந்திக்கின்றன. அங்கே வாழும் அதே இனக் கரடிக்கு இந்த எல்லை மிக அகலம். வளைவு ஒன்றில் திடீரென எதிர்ப்படும் மனிதன் அந்த எல்லைக்குள் காலை வைத்த பிறகுதான் கரடியைப் பார்க்கவே பார்க்கிறான்.

புரூக்ஸ் ஆற்றில் தூண்டில்காரர் உயிரோடு நிற்பது அவருடைய துணிச்சலாலும் அல்ல, கரடியின் நட்பாலும் அல்ல. கரடிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில் அவருக்கும் ஒரு மூலை கிடைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைச் செய்துவைத்தது சால்மன். குட்டியுள்ள தாய்க்கரடிகள் சில, பெரிய ஆண் கரடிகள் ஒதுங்கிப்போகும் மனித நடமாட்டப் பகுதிக்கு அருகிலேயே குட்டிகளோடு தங்குவதும் கவனிக்கப்பட்டிருக்கிறது. மனிதன் அங்கே மிரட்டலாக இல்லாமல் ஓர் அரணாகவே மாறிவிடுகிறான்.

நம் ஊர்க் கரடியை மனத்தில் வைத்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுமலையிலும் கோத்தகிரியிலும் களக்காட்டிலும் இருக்கும் கரடி வேறு இனம். அதன் பிரதான உணவு கறையானும் எறும்பும் தேனும் பழங்களும்; அது மீன் பிடிப்பதில்லை. நீலகிரியில் அவலாஞ்சி ஓடையில் டிரவுட் உண்டு. பிரிட்டிஷார் காலத்தில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட், அலாஸ்காவில் இருக்கும் அதே இனம். ஆக, டிரவுட்டும் கரடியும் ஒரே மலையில் இருந்தும் ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாமல் வாழும் இடம் நம்முடையது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய நம் கரடிக்குத் திடுக்கிட்டால் ஓடுவதைவிடப் பாய்வதே முதல் எண்ணமாக இருக்கும். அருவியில் கூடி நிற்கும் பொறுமையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. காட்மை பற்றிச் சொல்வதை நீலகிரிக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது ஆபத்து.

சால்மன் செய்துவைத்த அந்தச் சமாதானத்தைக் குலைக்க ஒரே ஒரு மீன் போதும்.

தூண்டிலில் மாட்டிய மீன் நேராகக் கரைக்கு வராது. துள்ளும், தண்ணீரை அடிக்கும், சக்கரத்திலிருந்து நரம்பை உருவிக்கொண்டு ஓடும். அப்போது ரீல் கிறீச்சிடும். அடிபட்ட மீன் தண்ணீரில் படபடக்கும் ஓசையைக் கேட்டுத் திரும்புவது கரடிக்குப் பிறவிக் குணம். ரீல் சத்தத்தை அது கற்றுக்கொள்கிறது. புதர் மறைவிலிருந்து கரடி ஒன்று வருகிறது. தூண்டில்காரர் பயந்து மீனை விட்டுவிட்டுப் பின்வாங்குகிறார். கரடி மீனை எடுத்துக்கொள்கிறது. இதில் யாருக்கும் காயமில்லை. ஆனால் கரடி ஒரு பாடம் படித்துவிட்டது: இரண்டு காலில் நிற்கும் இந்தப் பிராணி மீன் பிடிக்கும், விரட்டினால் கொடுக்கும். அடுத்த முறை அது தூண்டில் கோலைப் பார்த்தே வரும். குட்டி உடனிருந்தால் அதுவும் கற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகள் தாயோடு அலைந்துதானே கரடிக்குட்டி உலகத்தைப் படிக்கிறது. ஆய்வாளர்கள் இரண்டு நிலைகளைக் கறாராகப் பிரித்துப் பேசுவார்கள். மனிதனைக் கண்டு பதறாமல் தன் வேலையைப் பார்ப்பது ஒன்று. மனிதனை உணவோடு சேர்த்து நினைப்பது மற்றொன்று. முதல் நிலையில் உள்ள கரடிக்குப் பக்கத்தில் பல்லாண்டுகள் வாழலாம். இரண்டாவது நிலைக்குப் போன கரடி பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டில்தான் முடிகிறது.

இதனால்தான் புரூக்ஸ் ஆற்றில் தூண்டில்காரருக்கு விதித்திருக்கும் முதல் விதி, கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், மீனை இழப்பது எப்படி என்பது. கரடி 50 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 45 மீட்டருக்குள் வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். மீன் ஏற்கனவே மாட்டியிருந்தால் நரம்பை அறுத்து மீனை விட்டுவிட வேண்டும். அறுப்பதற்குக் கத்தி தேட நேரமிருக்காது. கோலை உயர்த்தியபடி இழுத்தால் கோல் வளைந்து இழுவிசையை வாங்கிக்கொள்ளும், நரம்பு அறாது. கோலை மீனை நோக்கி நேராக நீட்டி, சக்கரம் சுழலாமல் கையால் நரம்பை அழுத்திப் பிடித்து, ஒரே இழுப்பாகப் பின்னால் இழுக்க வேண்டும். கோல் வளையாததால் முழு விசையும் நரம்பின் மெலிந்த நுனிக்குப் போகும். முள்ளுக்குப் பக்கத்தில் அறுந்துவிடும். மீன் போய்விடும், படபடப்பு அடங்கிவிடும். கரடி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பும். பல மணி நேரம் நின்று, கடைசியில் கையில் கனக்கும் அழகான மீனை இப்படி விடுவதற்கு மனம் வேண்டும். தூண்டில் பிடித்தவர்களுக்குத்தான் அந்த நொடியின் வலி தெரியும். ஆனாலும் அந்த ஆற்றில் தேர்ச்சி என்பது அதுதான் என்று நான் நினைக்கிறேன். மீனைக் கரையேற்றுவது அதற்கு அடுத்தபடி.

மற்ற விதிகளும் இதே வேரிலிருந்து வருகின்றன. புரூக்ஸ் முகாமில் வந்திறங்கும் எவரும் முதலில் கரடிப் பாடத்துக்குப் போய் உட்கார வேண்டும். அது முடியாமல் ஆற்றுப் பக்கம் நகர முடியாது. பாதைகளில் வெறும் தண்ணீரைத் தவிர வேறெந்த உணவும் பானமும் கொண்டுபோகக் கூடாது. வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மீனைப் பிடித்தால் கரையில் அறுக்கக் கூடாது. பையில் போட்டுக் கட்டி, அதற்கென்று இருக்கும் உறைபதன அறைக்கு நேராகக் கொண்டுபோய்விட வேண்டும். கூடாரம் போடும் இடத்தைச் சுற்றி மின்வேலி இருக்கிறது. 2019-இல் ஆற்றுக்குக் குறுக்கே உயரமான நடைபாலம் கட்டினார்கள். மனிதர் மேலே போக, கரடி கீழே போகும்.

விதி தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கு, அதே மாநிலத்தில் கீனாய் தீபகற்பத்து ரஷ்யன் ஆற்றைப் பார்க்கலாம். சாலை போகும் இடம் என்பதால் சால்மன் பருவத்தில் தூண்டில்காரர்கள் கரையோரம் நெருக்கியடித்து நிற்பார்கள். பிடித்த மீனை அங்கேயே அறுத்து, தலையும் முள்ளும் குடலுமாகத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. அவை ஆழம் குறைந்த இடங்களில் குவிந்தன. கரடிகள் அந்தக் குவியலுக்கு வரத் தொடங்கின. பிறகு கரையில் வைத்த பைகளுக்கும், கயிற்றில் கோத்துவைத்த மீன்களுக்கும் வந்தன. நின்று, துண்டு துண்டாக நறுக்கி, வேகமாக ஓடும் நீரில் வீசுங்கள் என்று மீன்வளத் துறை பலகை எழுதி வைத்து வேண்டிக்கொள்ள வேண்டிவந்தது. பைகளைத் தங்களிடமிருந்து மூன்றடிக்கு அப்பால் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் வந்தது.

இதற்கு நேர் எதிரான சான்று மெக்நீல் ஆறு. காட்மைக்கு வடக்கே அதை ஒட்டியிருக்கும் சரணாலயம் அது. சம் என்னும் வகைச் சால்மன் ஏறும் பருவத்தில் அங்குள்ள அருவியில் எழுபதுக்கும் மேற்பட்ட கரடிகளை ஒரே நேரத்தில் எண்ணியிருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் இவ்வளவு பழுப்புக் கரடிகள் இப்படிக் கூடுவதில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஆட்கள் கட்டுப்பாடின்றி வந்து போனதால் கரடிகளின் வரத்து குறைந்தது. 1973-இல் அனுமதி முறை வந்தது. அருவிக்கு ஒரு நாளில் பத்துப் பேர். அவர்களும் குலுக்கலில் தேர்வானவர்கள். எப்போதும் காவலரோடு, ஒரே வழியில், ஒரே இடத்தில். லாரி ஆமில்லர் என்ற உயிரியலாளர் முப்பது ஆண்டுகள் அங்கே இருந்து இந்த ஒழுங்கை நிலைநாட்டினார். உணவு வாசனை வெளியே வராது. மனிதன் என்ன செய்வான் என்பது கரடிக்கு முன்கூட்டியே தெரியும். அனுமதி முறை வந்த பிறகு அந்தச் சரணாலயத்தில் ஒரு பார்வையாளர்கூடக் கரடியால் காயப்பட்டதில்லை. சில மீட்டர் தூரத்தில் கரடி வந்து படுத்து உறங்கும் இடம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் பெருமை விளங்கும்.

சரணாலயத்துக்கும் பூங்கா முகாமுக்கும் வெளியே, பெயரில்லாத ஓடைகளில் தனியாகத் தூண்டில் போடுகிறவருக்கு நிலைமை கடினம். கண் மிதப்பின் மேல் இருக்கும், காதை ஆற்றின் இரைச்சல் அடைத்திருக்கும், கையில் மீன் வாடை. அவர் நிற்கும் கரையோரமோ கரடிகள் தலைமுறையாக நடந்து பதித்த தடம். காற்று எதிர்த்திசையில் அடித்தால் கரடிக்கும் அவருடைய வாசனை போய்ச் சேராது. அனுபவசாலிகள் சில நிமிடத்துக்கொரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். வளைவுகளிலும் வில்லோப் புதர்களிலும் ‘ஹே பேர்’ என்று உரக்கக் கூப்பிட்டுக்கொண்டே நடப்பார்கள். கூட்டமாகப் போவார்கள். கரடி கரையோரமாக வந்தால் அது பெரும்பாலும் அவர்களைத் தேடி வரவில்லை. அதற்கு வழி வேண்டும். தூண்டிலைச் சுருட்டிவிட்டு, நிதானமாக ஒதுங்கி வழிவிட்டால் கடந்து போய்விடும்.

இரண்டு காலில் எழுந்து நிற்கும் கரடியைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அது இன்னும் நன்றாகப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் எழுகிறது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் வேறு: மூச்சை ‘ஹுஃப்’ என்று வெடித்து விடுவது, தாடைகளைத் தட்டுவது, வாயில் எச்சில் வழிவது. பக்கத்தில் வந்துவிட்டாய் என்று அது சொல்கிறது. அமைதியான குரலில் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும். ஓடக் கூடாது, கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், ஓடுவதைத் துரத்தும். நின்ற இடத்தில் அசையாமல் நின்றால், பாய்ந்து வரும் கரடிகளில் பெரும்பாலானவை பாதியிலேயே நின்றுவிடும். தற்காப்புக்காகத் தாக்கும் பழுப்புக் கரடி உடலைத் தொட்டுவிட்டால், குப்புறப் படுத்துக் கழுத்தின் பின்புறத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டு கிடக்கச் சொல்கிறார்கள். ஆபத்து நீங்கியது என்று தெரிந்தால் அது போய்விடும்.

கடைசிக் காவல் மிளகாய். கரடி ஸ்ப்ரே என்பது மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினை அழுத்தத்தில் அடைத்த குப்பி. 1980-களில் மொன்டானா பல்கலைக்கழகத்தில் கேரி ஹன்ட் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்ப்ரே பயன்படுத்திய 83 நிகழ்ச்சிகளை ஸ்மித்தும் ஹெரெரோவும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடி விஷயத்தில் 92 விழுக்காடு அது வேலை செய்தது. நெருங்கிய சந்திப்புகளில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினார்கள். நம் நாக்கில் மிளகாய் எரிவதும் கரடியின் மூக்கும் கண்ணும் எரிவதும் ஒரே கதவின் வழியாகத்தான். நரம்பு முனையில் உள்ள டிஆர்பிவி1 என்ற புரதம், சூடு பட்டால் திறப்பதுபோலவே கேப்சைசின் பட்டாலும் திறந்து, நெருப்பு என்று மூளைக்குச் சொல்லிவிடும். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடலில் காயம் எதுவும் இல்லாமல், சுடும் என்ற செய்தி மட்டும் போகிறது. கரடி திரும்பி ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. எதிர்த்து நிற்கும் விலங்குக்குத் தீங்கில்லாமல் மனிதனைக் காக்கும் ஆயுதம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொசு மருந்து போலக் கூடாரத்தின் மேல் அடித்துவைத்தால் கரடி வராது என்று சிலர் நினைத்தார்கள். தரையில் படிந்து காய்ந்த மிளகாய் எச்சத்தைத் தேடிக் கரடிகள் வந்து முகர்ந்து, நக்கி, அதில் புரண்டதை ஸ்மித் 1998-இல் பதிவு செய்தார். முகத்தில் பட்டால் விரட்டும் அதே பொருள், தரையில் கிடந்தால் கூப்பிட்டு அழைக்கிறது. நீலகிரியிலும் வாசனைதான் கரடியை ஊருக்குள் இழுக்கிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் கோயில் விளக்கு எண்ணெய்க்கும் பேக்கரிப் பண்டங்களுக்கும் கரடி வருவது செய்தியாக வந்துகொண்டே இருக்கிறது. இனம் வேறு, மலை வேறு. மனிதனை உணவோடு சேர்த்து நினைக்கக் கற்றுக்கொள்ளும் விதம் ஒன்றே. நீலகிரிக்குச் சுற்றுலா போகிறவர்கள் தின்ற மிச்சத்தைச் சாலையோரம் எறியாமல் திரும்பக் கொண்டுவந்தால் ஒரு கரடியாவது கூண்டில் சிக்காமல் தப்பும்.

புரூக்ஸ் அருவியை நாம் இங்கிருந்தே பார்க்கலாம். 2012 முதல் அங்கே பொருத்திய கேமராக்கள் கோடை முழுவதும் நேரலையாகக் காட்டுகின்றன, கட்டணம் இல்லை. அலாஸ்கா நேரம் கோடையில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஜூலையில் காலை ஆறரை மணிக்குப் பார்த்தால் அங்கே முந்தைய நாள் மாலை ஐந்து மணி, நல்ல வெளிச்சம் இருக்கும். அருவியைப் பார்த்துவிட்டு, ஆற்றின் கீழ்ப்பகுதியைக் காட்டும் கேமராவுக்கும் போய்ப் பாருங்கள். கரடி ஒன்று கரையோரம் நடந்து வரும்போது தூண்டில்காரர்கள் அங்கே நின்றால், அவர்கள் கைகளைக் கவனியுங்கள்.